அக்காவுக்கு வாங்கிய பழைய டிசையர்: பதினொரு மாதங்களும் 14,300 கிலோமீட்டரும்

என் அக்கா நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறார். தேனி சாலையில், உசிலம்பட்டிக்குச் சற்று முன்னதாக உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறார். ஒரு வழிக்கு 28 கிலோமீட்டர். அத்தான் ஓசூரில் வேலை பார்ப்பதால் வார இறுதியில்தான் வீட்டில் இருப்பார். அக்காவின் மாமியாருக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பள்ளிக்குப் பேருந்தில் போய்வர முடிந்த அக்காவால் அத்தையை மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்ல முடியவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்த தொகையையும் எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் கார் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. வாங்கும் பொறுப்பு தம்பியாகிய என் தலையில் விழுந்தது. 2025 பிப்ரவரியில், 2018 மார்ச் தயாரிப்பான மாருதி டிசையர் இசட்.எக்ஸ்.ஐ. பெட்ரோல் வண்டி ஒன்றை 5,75,000 ரூபாய்க்கு வாங்கினோம். வாங்கும்போது ஓட்டம் 43,200 கிலோமீட்டர். இதை எழுதும்போது 57,500. வண்டியைப் பற்றியும், அதை விற்ற கடையைப் பற்றியும், அதற்கு முன் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பிய இரண்டு வண்டிகளைப் பற்றியும் எழுதுகிறேன். அந்த இரண்டும் எனக்குக் கற்றுக்கொடுத்தது, வாங்கிய வண்டி கற்றுக்கொடுத்ததைவிட அதிகம்.

முதலில் ஏன் செடான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் செலவும் சேர்த்து 6,25,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. அந்தத் தொகைக்குப் புதிய சிறிய கார் ஒன்றே கிடைத்திருக்கும். ஆனால் அத்தையின் வாக்கரை மடித்து வைத்தால் சிறிய காரின் டிக்கி அதோடு நிறைந்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானை, விறகு, அரிசி மூட்டை, ஐந்து பேரின் மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். உயரமான எஸ்.யு.வி. வகையை அத்தையே மறுத்துவிட்டார். ஏறுவதற்குக் காலை அவ்வளவு உயரம் தூக்க அவரால் இயலாது. ஆகவே ஒரு வண்டியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து மூன்றை எடுத்துச் சென்றோம்: அத்தை, வாக்கர், ஒரு பித்தளைப் பானை. கடைக்காரர்கள் பானையைப் பார்த்துச் சிரித்தார்கள். டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்லும் விளம்பரத்தைவிட அந்தப் பானை எங்களுக்குத் தெளிவாகப் பேசியது.

மாடல்களைத் தேர்ந்தெடுப்பதில் அதிகக் குழப்பம் இல்லை. டொயோட்டா எட்டியோஸ், ஹோண்டா சிட்டி, ஹோண்டா அமேஸ், மாருதி சியாஸ், மாருதி டிசையர் ஆகிய ஐந்தும் மதுரையில் எந்தப் பணிமனைக்குப் போனாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளப்படும் வண்டிகள். டிக்கி அளவில் எட்டியோஸ் 592 லிட்டர், சிட்டியும் சியாஸும் 510 லிட்டர், 2018-இல் வந்த அமேஸ் 420 லிட்டர், 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை டிசையர் 378 லிட்டர் என்ற வரிசையில் அமையும். டீசல் வேண்டாம் என்றுதான் தொடங்கினோம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு டீசலின் விலை வித்தியாசம் திரும்பக் கிடைப்பதற்குள், பழைய வண்டியின் இன்ஜெக்டர் செலவு அதை விழுங்கிவிடக்கூடும்.

அப்படித் தீர்மானித்தும், முதலில் பார்க்கப் போனது ஒரு டீசல் எட்டியோஸைத்தான். 2016 வண்டி, விலை மற்றவற்றைவிட 80,000 குறைவு. ஆசை யாரை விட்டது? வெள்ளை நிறம், உள்ளே புது இருக்கை உறை, மீட்டரில் 62,000. பின் இருக்கையின் தரை ஏறக்குறையச் சமமாக இருப்பதால் அத்தை எளிதாக நகர்ந்து உட்கார்ந்தார். பானை உள்ளே போன பிறகும் டிக்கியில் இன்னொரு பானைக்கு இடம் இருந்தது. அன்று உடன் வந்திருந்தவர் பழங்காநத்தத்தில் பணிமனை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர். ஒரு வண்டிக்கு 1,500 ரூபாய் என்று பேசி அழைத்துச் சென்றிருந்தேன். அவர் இன்ஜினைக்கூடத் தொடவில்லை. ஓட்டுநர் பக்கம் குனிந்து, கிளட்ச் பெடலின் ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார். வரி முழுவதும் தேய்ந்து, ஓரத்தில் இரும்பு பளபளத்தது. பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த இரண்டு ஒயர்களைக் காட்டினார். வாடகை வண்டிகளுக்குக் கட்டாயமான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்து கழற்றப்பட்ட இடம் அது. டி போர்டாக ஓடி, பின்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றப்பட்ட வண்டி. இந்த மாற்றம் சட்டப்படியே செய்யக்கூடியதுதான். உரிய வரியைக் கட்டி ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. ஆனால் மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஆண்டுக்கணக்கில் ஓடிய ஒரு டாக்ஸியின் மீட்டர் 62,000 காட்டுகிறதென்றால், அந்த மீட்டரை நம்பி விலை பேச முடியாது. எட்டியோஸ் வண்டியின் மீது எனக்கு இன்றும் மதிப்புண்டு. 2020-இல் உற்பத்தி நின்றுபோன பிறகும் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவை டாக்ஸியாக உழைத்தவை என்பதுதான் அதைப் பழையதாக வாங்குவோரின் சிக்கல்.

இரண்டாவது, ஒரு சிட்டி. 2015 தயாரிப்பு, பெட்ரோல், டி.என். 69 பதிவெண், அதாவது தூத்துக்குடி வண்டி. நேரில் பார்த்தபோது மூன்று வண்டிகளிலும் இதுதான் அழகாக இருந்தது. 1,497 சி.சி. இன்ஜின் ஒலி சன்னமாக இருந்தது, ஏசி ஐந்து நிமிடங்களில் குளிர்ந்தது, பாலிஷ் போட்ட பானெட்டில் வேப்ப மரம் தெரிந்தது. விற்க வந்திருந்த புரோக்கர், "தம்பி, வண்டி வெண்ணெய் மாதிரிப் போகும், ஓட்டிப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றார். அப்படித்தான் போனது. மெக்கானிக் அண்ணன் பின் இருக்கையில் ஏறி, இடது பக்க சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே இருந்தார். பெல்ட் கறுப்பாக வந்தது, வந்தது, மேலும் வந்தது. சுருளின் கடைசியில் இருந்த ஓர் அடி நீளம் மட்டும் டீ சிந்தி உலர்ந்த துணியின் நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்தபோது மாவு போன்ற நுண்ணிய மண் ஒட்டியது. சேற்றுநீர் ஏறிய உயரத்தைக் கதவோரத்தில் துடைத்துவிடலாம். பெல்ட் சுருண்டிருக்கும் கூட்டுக்குள் யாரும் கைவிட்டுத் துடைப்பதில்லை. அதன் பிறகு ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னார். குழியின் மூலையில், இரும்புத் தகடுகள் சேரும் இடுக்கில், அதே மண் கோடு. முன் இருக்கையின் தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு. "தண்ணி குடிச்ச வண்டி தம்பி, எடுக்காதீங்க" என்று என் காதருகே சொன்னார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. இவ்வாறு மூழ்கும் வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கிட்டு ஏலத்தில் விடுவதுண்டு. ஏலத்தில் எடுப்பவர் கழுவி, உறை மாற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த மாவட்டத்தில் விற்பார். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் ஒயரிங் கொத்துகளிலும், ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், கனெக்டர் ஊசிகளிலும் ஏறிய ஈரம் ஓராண்டு கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்தப் புரோக்கருக்கு இது தெரியுமா, தெரியாமல் வாங்கி ஏமாந்தவரா என்று என்னால் சொல்ல முடியாது. பெல்ட்டைக் காட்டியபோது அவர் முகத்தில் பெரிய வியப்பு எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். டி.என். 69 எண் வண்டி எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அங்கிருந்து வரும் வண்டியானால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், சென்னைப் பதிவெண் வண்டிக்கும் அதையே செய்யுங்கள்.

சிட்டியை விட்டதில் அத்தைக்கு வருத்தமில்லை. அதன் இருக்கை அவருக்குத் தாழ்வாக இருந்தது. உட்காரும்போது கடைசி நான்கு விரற்கடை தொப்பென்று விழ வேண்டியிருந்தது. எழும்போது இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. முதியவர்களுக்காக வாங்குகிறவர்கள் அவர்களையே உட்காரவைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும். அவர் நன்றாக இருக்கிறார் என்று நம் வாயால் சொல்லிவிடக் கூடாது.

மூன்றாவதாகப் போனது ஓர் ஆட்டோ கன்சல்டிங் கடைக்கு. ஏறக்குறைய 30 வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மதுரையில் பழைய கார் தேடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: எந்த வண்டியைக் கேட்டாலும் அது டாக்டர் ஓட்டிய வண்டியாகவே இருக்கும். நகரில் உள்ள மருத்துவர்கள் அனைவரும் மாதம் ஒரு காரை விற்றாலொழிய இந்தக் கணக்கு நேராகாது. எங்கள் டிசையரையும் அப்படித்தான் அறிமுகப்படுத்தினார்கள், ஆர்.சி.யைப் பார்த்தபோது முதல் உரிமையாளர் ஒருவரே என்பது உண்மையாக இருந்தது, அவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் என்பது பின்னால் அவரோடு பேசியபோது தெரிந்தது. விற்பனையாளர் இன்னொன்றும் சொன்னார்: "சார், டிசையர் ஃபைவ் ஸ்டார் வாங்கின வண்டி." குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது 2024 நவம்பரில் வெளிவந்த நான்காம் தலைமுறை டிசையர். பெயர் ஒன்றுதான், 2018 வண்டிக்கு அந்த மதிப்பெண் பொருந்தாது. இதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றி டீ வரவழைத்தார். 2018 வண்டியில் இரண்டு ஏர்பேக்குகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லா வகைகளிலும் உண்டு என்பதே அதன் பாதுகாப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கது.

இந்த வண்டியை மெக்கானிக் அண்ணன் முக்கால் மணி நேரம் பார்த்தார். காலை எட்டு மணிக்கு வருகிறோம், அதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தோம். போனவுடன் பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சில்லென்றிருந்தது. குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது, சைலன்சரில் நீலப் புகையோ விடாத வெண்புகையோ இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற படிவு இல்லை. டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கு டயர்களிலும் 0618, அதாவது 2018-இன் ஆறாவது வாரம். மார்ச்சில் தயாரான வண்டியின் தொழிற்சாலை டயர்கள் இன்னும் மாற்றப்படாமல் இருக்கின்றன என்றால் 43,200 என்ற மீட்டர் கணக்கை ஏறக்குறைய நம்பலாம். ஏழு வருட ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிட்டதால் நான்கையும் உடனே மாற்றியாக வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்தது. ஒரே எண்ணில் நல்ல செய்தியும் செலவும் சேர்ந்து வந்தன.

பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை அவர் வைத்திருந்தார். கூரையிலும் பானெட்டிலும் 100 முதல் 120 மைக்ரான் காட்டியது வலது பின் கதவில் 260-க்கு ஏறியது. பட்டி பார்த்து மீண்டும் பெயின்ட் அடித்த கதவு. கதவைத் திறந்து பில்லரில் உள்ள வெல்டிங் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார்; தொழிற்சாலைப் புள்ளிகள் கலையாமல் இருந்தன. கதவு மட்டும் அடிபட்டிருக்கிறது, கூடு அடிபடவில்லை. கேட்டபோது, வீட்டு கேட்டில் உரசியது என்று விற்பனையாளர் ஒப்புக்கொண்டார். கேட்பதற்கு முன் அவர் சொல்லவில்லை. அந்தக் கதவும் டயர்களும் சேர்ந்து 6,10,000 ரூபாயை 5,75,000 ஆக்கின. மாருதியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்திலிருந்து சர்வீஸ் வரலாற்றை எடுத்துத் தரச் சொல்லி, அதில் ஒவ்வோர் ஆண்டும் பதிவான கிலோமீட்டர் படிப்படியாக ஏறியிருப்பதைச் சரிபார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுத்தோம்.

இந்த ஊரில் நல்ல மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மோட்டார் தொழிலைத் தொடங்கிய ஊர் இது. தந்தை, மகன் என்று இரண்டு மூன்று தலைமுறையாக ஸ்பேனர் பிடிக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் ஐந்தாறு லட்சம் கொடுத்து வாங்கும் வண்டிக்கு 1,500 ரூபாய் கொடுத்து அவர்களில் ஒருவரை அழைத்துச் செல்லத்தான் நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. மூன்று வண்டிக்கும் சேர்த்து நான் கொடுத்த 4,500 ரூபாய், இந்த முழு வேலையிலும் வீணாகாத செலவு.

கடையின் மீது எனக்குள்ள மனக்குறை வண்டியைப் பற்றியதல்ல, பெயர் மாற்றத்தைப் பற்றியது. மூன்று வாரத்தில் அக்காவின் பெயரில் ஆர்.சி. வந்துவிடும், விலையிலேயே அதற்கான செலவும் அடக்கம் என்றார்கள். 71 நாட்கள் ஆயின. போன் செய்தால் ஃபைல் ஆபீசில் இருக்கிறது என்பார்கள். நேரில் போனால், பையன் வெளியே போயிருக்கிறான் என்பார்கள். சட்டப்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குரியவை படிவம் 29, படிவம் 30. கடன் நிலுவை இருந்த வண்டியானால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். எங்கள் வண்டியின் கடன் 2021-இலேயே அடைக்கப்பட்டிருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருந்தது. தாமதத்தில் பாதி அதனால் வந்தது. பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யில் அந்த ஒரு வரியை நான் கவனித்திருந்தால் முந்தைய உரிமையாளரிடம் அப்போதே கையொப்பம் வாங்கியிருக்கலாம். பிழை என்னுடையதும்தான்.

இந்த இடைவெளி வாங்குபவரைவிட விற்பவருக்கே ஆபத்தானது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியரை நானே தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். மறுவாரமே அவர் கடைக்கு நேரில் போய் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. பழைய வாகன விற்பனையாளர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை; நான் கேட்டபோது கிடைத்தது ஒரு விசிட்டிங் கார்டு.

காப்பீட்டிலும் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். கிளெய்ம் இல்லாததற்குக் கிடைக்கும் போனஸ் வண்டியோடு வராது. அது பழைய உரிமையாளருடையது. 50 விழுக்காடு தள்ளுபடியில் ஓடிக்கொண்டிருந்த பாலிசி அக்காவின் பெயருக்கு வரும்போது அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருந்தது. ஏப்ரலில் பழைய பாலிசி முடிந்ததும் புதியதை 13,900 ரூபாய்க்கு எடுத்தோம். ஃபாஸ்டேகும் அப்படியே. கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய டேகைக் கவனிக்காமல் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட, கப்பலூர் டோலில் முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து பணம் போனது. அவரே அழைத்து, "உங்க வண்டி நல்லா ஓடுதா சார்? கப்பலூரைத் தாண்டினதா எனக்கு மெசேஜ் வந்துச்சு" என்றார். பணத்தை அன்றே அனுப்பிவிட்டோம்.

வாங்கிய முதல் இரண்டு மாதங்களில் வண்டிக்குச் செய்த செலவையும் சொல்லிவிடுகிறேன். 185/65 ஆர் 15 அளவில் நான்கு டயர்கள் 22,400, பேட்டரி 5,200, லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் 6,800, ஆயில், ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் சேர்த்து ஒரு முழு சர்வீஸ் 5,600. காப்பீட்டையும் மெக்கானிக் கூலியையும் சேர்த்தால் வண்டியின் விலைக்கு மேல் 58,400. ஆக 6,33,400 ரூபாய். அக்காவின் கணக்கைவிட 8,400 கூடுதல். கையில் ஆறு லட்சம் இருந்தால் ஐந்தரை லட்சத்துக்கு மேல் வண்டி பேசக்கூடாது என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

இனி வண்டி. 1,197 சி.சி. இன்ஜினில் டைமிங் செயின் இருப்பதால், பெல்ட் வண்டிகளில் வரும் பெரிய மாற்றுச் செலவு இதில் இல்லை. செக்கானூரணி வரை நான்கைந்து பள்ளி வேன்களுக்குப் பின்னால் இரண்டாம் மூன்றாம் கியரிலேயே உருள வேண்டியிருக்கும். அங்கே கிளட்ச் மிதிக்க இலகுவாக இருப்பதால் கால் வலிப்பதில்லை என்கிறார் அக்கா. வேகமாக முந்திச் செல்ல வேண்டுமானால் கியரைக் குறைத்தாக வேண்டும், அதிலும் ஐந்து பேரும் ஏசியும் இருந்தால் இன்ஜின் முனகுகிறது. ஓட்டுவதில் இன்பம் தேடுகிறவர்களுக்கு சிட்டியே பொருத்தம். அக்கா தேடியது பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்வதை.

டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்த வகையில், தேனி சாலையில் லிட்டருக்கு 19 முதல் 20. காளவாசல், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று நகருக்குள் சுற்றினால் 13-க்கும் 14-க்கும் இடையே. பதினொரு மாத சராசரி 17.4. விளம்பரத்தில் சொன்ன 22-ஐ ஒருநாளும் கண்டதில்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதை எண்ணி அக்கா கவலைப்பட்டார். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகள் அந்தக் கலவைக்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. இதுவரை ஸ்டார்ட்டிங்கிலோ ஓட்டத்திலோ எங்களுக்குச் சிக்கல் வரவில்லை. சர்வீஸின்போது எரிபொருள் குழாய்களின் ரப்பரைத் தனியே பார்க்கச் சொல்கிறோம்.

பின் இருக்கைக்கு ஏசி காற்று வரும் துவாரங்கள் தனியே உண்டு. கத்திரி வெயிலில் திருப்பரங்குன்றம் கோயில் வாசலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிக்குள் அத்தையை ஏற்றிய அன்று அதன் அருமை தெரிந்தது. இருக்கையின் உயரம் அவருக்குச் சரியாக இருக்கிறது. சிட்டியைப் போல விழ வேண்டியதில்லை. என்றாலும் மேல் விளிம்பில் தலை இடிக்காமலிருக்கக் குனிய வேண்டும் என்பதால், கதவின் மேற்புறம் அக்கா எப்போதும் தன் கையை வைத்துக்கொள்கிறார். பின்னால் மூவர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்குக் காலடியில் மேடு இடிக்கும். அந்த இடம் நிரந்தரமாக என் அக்கா மகனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அவனுடைய முறையீடு ஏற்கப்படவில்லை.

டிக்கியில் வாக்கரும் பானையும் போகின்றன, விறகு போவதில்லை. 378 லிட்டர் என்பது அன்றாடத்துக்குப் போதும், குலதெய்வத்துக்குப் போதாது. ஆவணியில் போனபோது விறகை அங்கேயே வாங்கிக்கொண்டோம். முழுப் பாரத்தோடு கிராமச் சாலைகளின் வேகத்தடைகளில் அடிவயிறு உரசுகிறது. இரண்டுமுறை அத்தானும் நானும் இறங்கி நடந்து, வண்டியைத் தாண்டவிட்டு ஏறிக்கொண்டோம். கதவை மூடும்போது எழும் ஓசை மெல்லிய தகரத்தை நினைவூட்டுகிறது. நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டினால் டயர் ஓசை உள்ளே கேட்கிறது. அக்கா 80-ஐத் தாண்டுவதில்லை என்பதால் அது எனக்கு மட்டும் உள்ள குறை.

இந்தப் பதினொரு மாதங்களில் வண்டி வழியில் நின்றதில்லை. திட்டமிட்ட சர்வீஸைத் தவிர இடையில் செய்த ஒரே செலவு, எலி கடித்த ஒரு சென்சார் ஒயருக்கு 900 ரூபாய். அது நாகமலை அடிவாரத்து எலியின் குற்றம். ஆர்.சி. 2033 மார்ச் வரை செல்லும். அதற்குள் அக்காவுக்கு இன்னொரு வண்டி தேவைப்படும் என்று தோன்றவில்லை. ஒரு முதல் உரிமையாளர், முழு சர்வீஸ் வரலாறு, 2017-க்குப் பிந்தைய பெட்ரோல் டிசையர் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம் என்பது என் கருத்து. பின்னால் அடிக்கடி மூன்று பெரியவர்கள் உட்காருவார்கள் என்றால் சியாஸைத் தேடுங்கள். கடையைப் பற்றிக் கேட்டால், வண்டியை நாங்கள் கேட்டபடி மெக்கானிக்குக்குத் திறந்துவிட்டதற்காக மதிப்பெண் கொடுப்பேன், ஆர்.சி.க்கு அலையவைத்த 71 நாட்களுக்காக அதில் பாதியைக் குறைத்துக்கொள்வேன்.

60,000-இல் அடுத்த சர்வீஸ். அதற்குள் அந்த வலது பின் கதவைப் பார்க்க வேண்டும். மீண்டும் பெயின்ட் அடித்தவர்கள் ரப்பர் பீடிங்கைச் சரியாகப் பொருத்தவில்லை போலிருக்கிறது, 70-ஐத் தொட்டதும் ஒரு மெல்லிய விசில் கேட்கிறது. அத்தைதான் முதலில் கண்டுபிடித்தார். சனிக்கிழமை காலை பழங்காநத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன்.